காகிதத்தில் எழுதி இரண்டு பாட்டிகளிடமும் நீட்டுங்கள்

உங்கள் கேள்வி சுருக்கமாக இதுதான். அக்கா மகள் இங்கிலாந்தின் லெஸ்டரில் பிறந்து வளர்ந்தவள், மாப்பிள்ளை ஜெர்மன்காரர், ஹனோவரில் குடித்தனம், செப்டம்பரில் பிரசவம். வீட்டுக்குள் ஓடுவது ஆங்கிலமும் ஜெர்மனும். இரண்டு பக்கத்து ஆட்களும் நாக்கு சுளுக்காமல் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயர் வேண்டும். தமிழ்ப் பெயராக அமைந்தால் சந்தோஷம், அமையாவிட்டாலும் பரவாயில்லை. "ஒரு பத்துப் பெயர் சொல்லுங்கள் போதும்" என்று முடித்திருக்கிறீர்கள்.

பத்துப் பெயர் சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் நான் இந்த ஜெர்மனியில் இருபது வருஷத்துக்கு மேலாகப் பிறப்புச் சான்றிதழ்களை மொழிபெயர்த்துக் கொடுத்துப் பிழைக்கிறவன். பெயர் வைத்த அன்று யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. வருத்தம் மூன்று வருஷம் கழித்துத்தான் வரும். பாலர் பள்ளியில் கோட்டு மாட்டும் கொக்கிக்கு மேலே டீச்சர் பெயரை எழுதி ஒட்டுவார். அதைப் பக்கத்துக் குழந்தையின் அம்மா சத்தமாகப் படிப்பார். "ஐயோ, அப்படி இல்லை!" என்று நாம் பதறுவோம். ஆகவே பட்டியல் கடைசியில். முதலில் பெயர்கள் எங்கே உடைகின்றன என்று பார்த்துவிடலாம்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. விக்டோரியா மகாராணியின் இரண்டாவது மகள் ஆலிஸ், 1862ல் ஹெஸ்ஸே இளவரசரைக் கல்யாணம் செய்துகொண்டு டார்ம்ஷ்டாட் நகருக்குப் போனார். புகுந்த வீட்டில் எல்லாரும் அவர் பெயரின் கடைசி எழுத்தையும் விடாமல் உச்சரித்து "அலீஸே" என்று இழுத்தார்கள். 1872ல் ஒரு பெண் பிறந்தபோது தன் பெயரையே குழந்தைக்கும் வைக்க ஆசை. வைத்தால் அதையும் இழுப்பார்களே! இங்கே என் பெயரைக் கொலை செய்கிறார்கள், 'ஆலிக்ஸ்' என்று வைத்தால் அவ்வளவு சுலபமாகக் கெடுக்க முடியாது என்று அம்மாவுக்குக் கடிதம் எழுதிவிட்டு அந்தப் பெயரையே வைத்தார். அந்தக் குழந்தைதான் பிற்பாடு ரஷ்யாவின் கடைசி ஜாருக்கு மனைவியான அலெக்ஸாண்ட்ரா. அரண்மனைக்காரருக்கே அந்தப் பாடு.

ஆலிஸ் மாட்டிக்கொண்ட இடம்தான் இன்றைக்கும் முதல் கண்ணி. சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' எழுத்தை ஆங்கிலம் விழுங்கிவிடும், ஜெர்மன் விழுங்காது. அதனால் ஷார்லட் இங்கே "ஷார்லோட்டெ" ஆகிறாள். ஐரீன் "இரேனெ". பழைய தலைமுறை ஜெர்மன்காரர் ஒருவரிடம் ஜேன் என்று ஆங்கிலத்தில் எழுதிக் காட்டினால் "யானெ" என்று படிக்க நல்ல வாய்ப்பு உண்டு. எதிர்த் திசையிலும் இதே கதைதான். வட ஜெர்மனியில் நேலெ என்று அழகான ஒரு பெண் பெயர் உண்டு. லெஸ்டரில் அதை எழுதிக் காட்டுங்கள், "நீல்" என்பார்கள். நீல் என்றால் மண்டியிடு. மால்ட்டெ என்ற பையன் அங்கே "மால்ட்" ஆவான், விஸ்கி காய்ச்சுகிற முளைகட்டிய தானியம். ஹைக்கெ, அங்கெ, இம்கெ என்று 'எ'வில் முடியும் வட்டாரப் பெயர்கள் எல்லாமே கடல் தாண்டினால் வாலை இழந்துவிடும். மாப்பிள்ளை வீட்டார் ஹனோவர்ப் பக்கம் என்பதால் சொல்கிறேன், இந்த வகைப் பெயர்கள் அங்கிருந்து கட்டாயம் வரும்.

அடுத்தது 'ஜே'. ஜெர்மனில் இந்த எழுத்து நம்முடைய 'ய'. ஜூலியா யூலியா, ஜேக்கப் யாகோப், பெஞ்சமின் பென்யமீன். இதில் கெடுதல் எதுவும் இல்லை, இரண்டு ஒலியும் இனிமையானவைதான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பையன் பெயர் ஜூலியன். வீட்டில் அம்மா "ஜூலியன்" என்பார், அப்பா "யூலியான்" என்பார். நாலு வயதிலேயே அவன் கெட்டிக்காரன். எந்த ஒலியில் கூப்பிட்டாலும் திரும்புவான், கூப்பிட்டவர் மொழியிலேயே பதில் சொல்வான். ஆனால் யான் என்ற ஜெர்மன் ஆண் பெயரை மட்டும் கவனியுங்கள். எழுத்துக்கூட்டினால் அது இங்கிலாந்தில் ஜேனட் பாட்டியின் செல்லப்பெயரான ஜான். பையனுக்கு லெஸ்டரிலிருந்து வரும் கடிதங்களில் பாதி 'செல்வி' என்று ஆரம்பிக்கும்.

மற்ற எழுத்துகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'டபிள்யூ' ஜெர்மனில் 'வி' ஒலி. 'இஸட்' எழுத்து 'ட்ஸ்'. 'டிஹெச்' வெறும் 'ட்'. அதனால் ரூத் "ரூட்" ஆவாள், மார்த்தா "மார்ட்டா", தியோ "டேயோ". சொல்லின் முதலில் வரும் 'எஸ்', பின்னால் உயிரெழுத்து இருந்தால், வண்டு ரீங்காரம் போல அதிரும். தமிழெழுத்தில் அதை எழுதிக் காட்டுவது சர்க்கஸ் வேலை, விட்டுவிடுவோம். ஸோஃபியும் சாமுவேலும் இந்த ரீங்காரத்தோடுதான் வருவார்கள். கடைசியில் நிற்கும் 'டி' மெலிந்து போகாமல் வல்லினமாகும், டேவிட் "டாவிட்" ஆவான், அந்த ட்டும் அழுத்தமாக விழும். 'ஈ-ஐ' என்ற இணை எப்போதும் 'ஐ': லெய்லா "லைலா" ஆவாள், கீத் "கைட்" ஆவான். 'ஏ-யு' இணை 'அவ்': இங்கிலாந்தின் "போல்" ஜெர்மனியில் "பவுல்", "லோரா" இங்கே "லவுரா". நம் கிறிஸ்தவ நண்பர்கள் பவுல் என்று சொல்லிப் பழகியவர்கள், அவர்களுக்கு இது உறுத்தாது.

உயிரெழுத்துகளில்தான் ஆள் ஏமாறுவது. ஜெர்மன் உயிரெழுத்து எழுதியபடி ஒலிக்கும், கிட்டத்தட்டத் தமிழ் மாதிரி. ஆங்கிலம் அதைத் திருகிவிடும். மூன்றே எழுத்துப் பெயர் ஐடா, ஜெர்மனில் "ஈடா". ஏடா "ஆடா". ஈவா "ஏஃபா". லீனா என்று ஆங்கிலத்தில் படிக்கப்படுவது ஜெர்மனில் "லேனா". சைமன் "ஸீமோன்". லைனஸ் "லீனுஸ்". சின்னப் பெயர் என்றால் தப்பித்துவிடும் என்று நினைக்கிறவர்கள் இங்கேதான் வழுக்குவார்கள். நீளம் முக்கியமில்லை, நடுவில் எந்த உயிரெழுத்து இருக்கிறது என்பதுதான் முக்கியம். இங்கிலாந்தில் இப்போது எங்கு பார்த்தாலும் ஐலா என்ற பெயர். அதன் நடுவே ஊமை 'எஸ்' ஒன்று உட்கார்ந்திருக்கிறது. ஜெர்மன் கண்ணுக்கு அது ஊமை இல்லை. "இஸ்லா" என்று படித்துவிட்டு "ஸ்பானிஷ் பெயரா?" என்று கேட்பார்கள், ஏனென்றால் ஸ்பானிஷில் இஸ்லா என்றால் தீவு.

சரி, இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா? வேண்டாம். ஒரு சோதனை போதும். பெயரைச் சொல்லாதீர்கள், எழுதுங்கள். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஜெர்மன் பாட்டியிடம் நீட்டி "படியுங்கள்" என்று கேளுங்கள். அப்புறம் அதே காகிதத்தைப் படம் எடுத்து லெஸ்டருக்கு அனுப்பி அங்கே ஒருவரைப் படிக்கச் சொல்லிக் குரல் பதிவாக வாங்குங்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுக் கேளுங்கள். உங்கள் வாயால் முதலில் சொல்லிவிட்டால் சோதனை கெட்டது. அவர்கள் உங்களைப் போலவே சொல்லிக் காட்டுவார்கள், அன்பு அப்படி. ஆனால் குழந்தையை வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப் போகிற குழந்தைநல மருத்துவரின் உதவியாளரும் பள்ளி வாத்தியாரும் உங்களிடம் முதலில் கேட்டுவிட்டுப் படிக்க மாட்டார்கள்.

சோதனையில் இரண்டு ஒலியும் வேறாக வந்தால் அந்தப் பெயரைத் தள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 'இரண்டிலும் ஒரே மாதிரி' என்பதைத் தேடித் தேடிக் களைத்துப்போன பெற்றோர் பலரைப் பார்த்திருக்கிறேன். அப்படி வடிகட்டினால் கடைசியில் மிஞ்சுவது எம்மா, மியா, பென், டிம். மோசமில்லைதான், வகுப்பில் நாலு மியா இருப்பார்கள் அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி வேறு. வருகிற இரண்டு ஒலியும் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா? 'யூலியா'வும் பிடித்து 'ஜூலியா'வும் பிடித்தால் தாராளமாக வையுங்கள். 'தியோ' பிடித்து 'டேயோ'வைக் கேட்டால் பல்லைக் கடிக்கிறீர்கள் என்றால் வேண்டாம். அந்தப் பல்கடிப்பு வருஷக்கணக்கில் ஓயாது.

ஒலி தாண்டினால் அர்த்தம். இங்கே சில கண்ணிவெடிகள் உண்டு. இங்கிலாந்தில் பாப்பி என்பது செல்லமான பெண் பெயர், அந்தச் சிவப்புப் பூவை நவம்பரில் எல்லாரும் சட்டையில் குத்திக்கொள்வார்கள். ஜெர்மன் காதில் அதே ஒலி படுக்கையறைக் கொச்சைச் சொல் ஒன்றுக்கு மிக அருகில் விழும். பிப்பா இன்னொன்று. ஜெர்மன் குழந்தைகள் "பிப்பி" என்று சொன்னால் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று அர்த்தம். லூலுவும் அதே வேலைக்கான சொல், குறிப்பாகத் தெற்கிலும் ஆஸ்திரியாவிலும். இந்தப் பக்கமிருந்து போகிறவர்களுக்கும் பள்ளம் உண்டு. டில் நல்ல பழைய ஜெர்மன் பெயர், ஆங்கிலத்தில் கடைக் கல்லாப்பெட்டி. ஹைன்ஸ் என்றால் அங்கே எல்லாருக்கும் தக்காளி சாஸ் ஞாபகம்தான் வரும். தலையில் இரட்டைப் புள்ளி வைத்த ஜெர்மன் எழுத்து வரும் பெயர்கள், யூர்கன், யோர்க் மாதிரி, இவற்றை நான் யோசிக்கவே வேண்டாம் என்பேன். பாஸ்போர்ட்டின் அடிவரியில் இயந்திரம் படிக்கும் பகுதியில் புள்ளி வைத்த 'யு' எழுத்து 'யு-ஈ' என்று இரண்டெழுத்தாக விரியும். இங்கிலாந்தில் தட்டச்சு செய்கிறவர் புள்ளியை மட்டும் விட்டுவிட்டு ஒற்றை எழுத்தாக அடிப்பார். ஒரே பிள்ளைக்கு மூன்று எழுத்துக்கூட்டு. எனக்கு அதனால் வேலை வருகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் வேண்டாம்.

இப்போது யாரும் முகத்துக்கு நேரே சொல்லாத ஒரு விஷயம். ஜெர்மனியில் ஆங்கிலப் பெயருக்கு ஒரு வர்க்க வாசனை உண்டு. 1991ல் இங்கே ஆண் குழந்தைகளுக்கு மிக அதிகமாக வைக்கப்பட்ட பெயர் கெவின். அந்த வருஷத் தொடக்கத்தில்தான் வீட்டில் தனியாக விட்டுப்போன சிறுவன் திருடர்களை ஓட ஓட விரட்டும் ஹாலிவுட் படம் இங்கே தியேட்டருக்கு வந்தது, சிறுவன் பெயர் கெவின். பெயர் பரவிய வேகத்திலேயே மரியாதை இறங்கியது. 2009ல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நடந்த ஓர் ஆய்வில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களிடம் பெயர்களைக் கொடுத்து என்ன தோன்றுகிறது என்று கேட்டார்கள். கெவின், ஷான்டால், ஜஸ்டின், மேண்டி என்றால் படிப்பில் மந்தம், சேட்டை என்று பலர் எழுதினார்கள். ஷார்லோட்டெ, ஸோஃபி, யாகோப், அலெக்ஸாண்டர் என்றால் நல்ல பிள்ளைகள். "கெவின் என்பது பெயர் இல்லை, நோயின் பெயர்" என்று ஓர் ஆசிரியர் எழுதியது நாடு முழுக்கப் பரவி இன்றும் நகைச்சுவையாகச் சுற்றுகிறது. குழந்தையின் முகத்தைப் பார்க்கும் முன்னே பெயரைப் பார்த்து மதிப்பெண் போடுவது அயோக்கியத்தனம்தான். நம் ஊரில் பெயரைக் கேட்டு சாதி தேடுகிறவர்களைப் பார்த்த நமக்கு இது புரியாமல் இல்லை. கிழக்கு ஜெர்மனியில் சுவர் இருந்த காலத்தில் மேண்டி, பெக்கி, ரோனி, மைக் என்று ஏக்கத்தோடு வைத்த பெயர்களுக்கும் இதே கதி. மைக்கை ஒலிப்படியே 'எம்-ஏ-ஐ-கே' என்று எழுதுவார்கள்.

உங்கள் அக்கா மகள் இங்கிலாந்துக்காரி என்பதால் அவளுக்கு இந்த வாசனை எட்டாது. அவள் கெவினையோ ஜஸ்டினையோ சாதாரணமாக முன்வைப்பாள், மாப்பிள்ளை முகம் சுளிப்பார், ஏன் என்று சொல்லத் தெரியாது. இதனால் சில வீடுகளில் சண்டையே வந்திருக்கிறது. காரணம் இதுதான் என்று முன்கூட்டியே அவளிடம் சொல்லிவையுங்கள்.

இங்கே கவின் என்ற நம் பெயரையும் சொல்லியாக வேண்டும். தமிழ்ப் பெயர் ஆசை உங்களுக்கு இருந்தால் பையனுக்கு முதலில் தோன்றுவது கவின்தான், அழகான சொல், இப்போது ஊரெங்கும் கேட்கிறது. ஹனோவரில் அவன் அறிமுகமாகிற ஒவ்வொரு தடவையும் எதிராளி காதில் விழப்போவது கெவின். "இல்லை, 'ஏ' எழுத்து, 'ஈ' இல்லை" என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு வந்துவிட்டதால் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். மாலா என்று கூப்பிட்டால் ஜெர்மன் காதுக்கு அது 'மாலர்', பெயிண்டர். அந்தச் சொல்லின் கடைசி 'ர்' ஒலிக்காது, அப்படியே மாலாதான். உமா என்பது 'ஓமா'வுக்குப் பக்கத்து வீடு, ஓமா என்றால் பாட்டி. வகுப்புப் பிள்ளைகள் விடுவார்களா? லீலா இங்கே ஊதா நிறம், இங்கே பிரபலமான ஒரு சாக்லேட்டின் விளம்பர மாடு அந்த நிறமும் வெள்ளையுமாக இருக்கும். ஆஷா 'அஷெ'வை, அதாவது சாம்பலை, நினைவூட்டும். மணி ஆங்கிலத்தில் பணமாகிவிடும், அது ஒருவேளை நல்லதோ என்னவோ. யாழினி மாதிரிப் பெயர்களை நம் வழக்கப்படி 'இஸட்-ஹெச்' போட்டு எழுதினால் ஆங்கிலேயர் 'ஸ' என்பார், ஜெர்மன்காரர் 'ட்ஸ' என்பார், நடுவில் ழகரம் அநாதை. தாங்குகிற பெயர்களும் உண்டு. மீரா இரண்டிலும் நிற்கும். மாயாவுக்குப் பிரச்சினையே இல்லை, ஒலி அப்படியே நிற்கும், ஜெர்மனில் வேறு எழுத்துக்கூட்டில் அதே ஒலியில் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. தாரா சரி, அருண் சரி. நிலா பிழைக்கும், ஆனால் இரண்டு பக்கமும் முதல் எழுத்தை இழுத்து நீலா ஆக்கிவிடுவார்கள். பரவாயில்லை என்றால் அது என் விருப்பத்தில் முன்னணியில் இருக்கிறது.

சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம். இங்கிலாந்தில் பெயருக்குப் பெரிய கெடுபிடி இல்லை, பதிவு செய்ய 42 நாள் அவகாசம். ஜெர்மனியில் பிறப்பை ஒரு வாரத்துக்குள் ஷ்டாண்டஸ்அம்ட் என்ற பதிவு அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலும் ஆஸ்பத்திரியே அந்த வேலையைச் செய்யும், பிரசவ வார்டிலேயே படிவத்தை நீட்டிவிடுவார்கள். பெயர் முடிவாகவில்லை என்றால் பின்னால் கொடுக்கலாம், அதற்கும் ஒரு மாதம்தான். பதிவாளர் பெயரை மறுக்கலாம், குழந்தையின் நலனுக்குக் கேடு என்று அவருக்குப் பட்டால். 2017ல் காஸல் நகரில் ஒரு தம்பதி லூசிஃபர் என்று வைக்கப் பார்த்து, விஷயம் நீதிமன்றம் வரை போய், கடைசியில் லூசியன் என்று வைத்தார்கள். பதிவாளருக்குத் தெரியாத பெயர் என்றால் வீஸ்பாடனில் உள்ள ஜெர்மன் மொழிச் சங்கமோ லைப்சிக் பல்கலைக்கழகத்தின் பெயர் ஆலோசனைப் பிரிவோ கட்டணம் வாங்கிக்கொண்டு சான்று எழுதித் தரும். மாயா, அருண் எல்லாம் அவ்வளவு தூரம் போகாது.

பெயரிலேயே ஆணா பெண்ணா என்று தெரிய வேண்டும் என்ற பழைய கட்டாயம் ஒழிந்ததற்கு நம் பக்கத்துப் பெயர் ஒன்றுதான் காரணம் என்பது இங்குள்ள இந்தியர்களுக்கே அதிகம் தெரியாது. இந்திய வம்சாவளிப் பெற்றோர் மகளுக்குக் கிரண் என்று வைத்தார்கள். பெயரில் பாலினம் தெரியவில்லை, கூடவே தெளிவான இன்னொரு பெயரும் வைத்தால்தான் ஆகும் என்று மறுப்பு வந்தது. அவர்கள் விடவில்லை. வழக்கு கார்ல்ஸ்ரூவிலுள்ள அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2008 டிசம்பரில் தீர்ப்பு: அப்படி ஒரு கட்டாயம் சட்டத்தில் இல்லை, கிரண் என்றே இருக்கலாம். ஆகவே ராபின், கிம், காய் மாதிரி இருபாலுக்கும் பொதுவான பெயர்கள் வேண்டுமானால் இன்றைக்குத் தடை இல்லை.

ஒரு சின்ன நடைமுறை விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. ஆங்கிலேயர்கள் 'நடுப் பெயர்' என்று ஒன்றை வைத்து அதை மறந்துவிடுவார்கள். ஜெர்மன் தாள்களில் நடுப் பெயர் என்று தனி வகை கிடையாது, வைத்தது எல்லாமே முன்பெயர்தான், வரிசையாக நிற்கும். இடையில் சிறுகோடு போட்டு இணைத்தால் இரண்டும் சேர்ந்து ஒரே பெயர் ஆகிவிடும், பாதியை மட்டும் எழுத முடியாது. அன்னா-லேனா எப்போதும் அன்னா-லேனாதான். ஆகவே கோடு வேண்டாம். கோடு இல்லாமல் இரண்டு பெயர் வைத்தால் சுதந்திரம், ஒன்று உங்கள் பக்கத்துக்கு, ஒன்று அவர்கள் பக்கத்துக்கு. மீராவோ நிலாவோ இரண்டாவது இடத்தில் அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். பெரியவளானதும் அவளுக்கே தோன்றினால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம், 2018 நவம்பரிலிருந்து அதற்கு ஒரு படிவம் போதும்.

எழுத்துக்கூட்டில் 'சி'யா 'கே'யா என்ற சண்டை வரும். கிளாரா, ஆஸ்கர், கான்ராட் எல்லாவற்றிலும் வரும். என் அபிப்பிராயம்: குழந்தை வளரப் போகிற நாட்டின் கூட்டையே எடுங்கள். ஹனோவரில் 'சி' போட்டு எழுதினால் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் "கிளாரா, 'சி'யோடு" என்று சொல்ல வேண்டும். அதற்கும் முறை உண்டு, பழைய ஆட்கள் "ஸீஸருக்கு வருகிற சி" என்ற பொருளில் ட்ஸேஸார் என்பார்கள், 2022ல் வந்த புது அலுவலக அட்டவணைப்படி கெம்னிட்ஸ் நகரத்து 'சி'. அப்படி எழுத்துக்கூட்டியே அந்தப் பெண் பாதி ஆயுசைக் கழிப்பாள். ஆனால் எதை எடுத்தாலும் இரண்டு நாட்டு பாஸ்போர்ட்டிலும் அதே கூட்டு, ஒரு எழுத்து பிசகாமல். இங்கே 'எஃப்', அங்கே 'பி-ஹெச்' என்று அன்புக்காக மாற்றி எழுதாதீர்கள். விமான டிக்கெட் எடுக்கும் நாளில் அந்த அன்பு கசந்துவிடும்.

சரி, நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். 2022ல் ஒரு வேடிக்கை நடந்தது, ஜெர்மனியிலும் இங்கிலாந்து-வேல்ஸிலும் ஆண் குழந்தைப் பெயரில் ஒரே பெயர் முதலிடம்: நோவா. அங்கே "நோவா", இங்கே "நோஆ", யாரும் தடுமாற மாட்டார்கள். கூட்டம் பிடிக்காதவர் என்றால் வேண்டாம். பையனுக்கு நான் முன்வைப்பது ஆஸ்கர், கான்ராட், புரூனோ, ஃபின், ஹென்றி, மார்ட்டின். இவை எழுதினாலும் சொன்னாலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஃபீலிக்ஸை எல்லாரும் சொல்வார்கள், ஜெர்மனில் "ஃபேலிக்ஸ்" ஆகிவிடும், ஆனால் இரண்டுமே கேட்க நன்றாக இருக்கிறது. ஓட்டோ இங்கிலாந்தில் இப்போது புதுப் பெயர் போல ஒலிக்கிறது, ஜெர்மனியில் தாத்தா பெயர். திருப்பிப் படித்தாலும் ஓட்டோ என்பதால் எனக்கு ஒரு பலவீனம், மாப்பிள்ளை ஒத்துக்கொள்வாரா தெரியாது.

பெண்ணுக்கு எம்மா, எல்லா, நினா, லில்லி எல்லாம் பாதுகாப்பு. கொஞ்சம் குணம் வேண்டுமென்றால் கிரேட்டா, நோரா, மட்டில்டா, எமீலியா. இதில் எமீலியாவையும் அமீலியாவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள், எமீலியா இரண்டு நாட்டிலும் ஒலி மாறாது, இன்னொன்று இங்கே "அமேலியா" ஆகும்.

அப்புறம் என் சொந்த விருப்பம், பெரிய பெயர் ஒன்றை வைத்து அதைச் சின்னதாக உடைத்துக்கொள்வது. எலிசபெத். ஜெர்மனில் நடுவே 'எஸ்', ஆங்கிலத்தில் பெரும்பாலும் 'இஸட்', ஆனால் 'எஸ்' கூட்டையும் இங்கிலாந்தில் யாரும் தப்பென்று சொல்ல மாட்டார்கள். ஹனோவர்ப் பாட்டி லிஸ்பெத் என்றோ எல்லி என்றோ கூப்பிடட்டும், லெஸ்டர்ப் பாட்டி லிஸ்ஸி என்று கூப்பிடட்டும். கத்தரீனாவில் காத்தி உண்டு, கேட் உண்டு. பையனுக்கு அலெக்ஸாண்டர், அலெக்ஸ் என்று சுருக்கினால் உலகம் முழுக்கச் செல்லுபடி. ஆலிக்ஸின் அம்மா அன்றைக்குக் கண்டுபிடித்த 'க்ஸ்' இதிலும் இருக்கிறது, யாராலும் இழுக்க முடியாது.

செப்டம்பர் பிரசவம் என்றால் ஆகஸ்டுக்குள் அந்தக் காகிதத்தை நீட்டிவிடுங்கள். வார்டில் படிவம் வந்த பிறகு யாருக்கும் நிதானம் இருக்காது. பாட்டி படிக்கும்போது அவர் உதட்டைப் பாருங்கள். எழுத்துக்கூட்டாமல், கண்ணாடியைச் சரிசெய்யாமல் ஒரே மூச்சில் வந்தால் அந்தப் பெயரை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.